கோட்டைத் தொட்ட கை

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் மகனுக்கு,

நானும் உன் ஆத்தாவும் நலம். கீழ வயலில் அறுப்பு முடிந்துவிட்டது. ஆறு வருடமாக உனக்குக் கடிதம் எழுத உட்காருவதும், இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்து போய்விடுவதுமாகவே என் காலம் போனது. நீயும் அதே இரண்டு வரியில்தான் பதில் போட்டாய். நீ நலம், நாங்கள் நலம். அதற்கு மேல் நமக்குள் ஒன்றும் இல்லாதது போல இருவரும் நடித்துக்கொண்டோம். இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். தேயிலை ஃபாக்டரிக்கு லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து உட்கார்ந்து படி. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஆறின பிறகு எடுத்துப் படி. கிழித்து மட்டும் போட்டுவிடாதே.

மார்கழிக் கடைசியில் காதர் வந்திருந்தார். உத்தமபாளையத்துச் சடுகுடு கோஷ்டிக்குத் தலைவராக இருந்து, அன்றைக்கு உன் காலைப் பிடித்த அதே காதர்தான். இப்போது அவர் உங்கள் எஸ்டேட்டுகளுக்குக் காய்கறி லாரி கொண்டுவருவது உனக்குத் தெரியும். வாழைத்தார் ஏற்ற நம் தோட்டத்துக்கு வந்தவர், தோளில் இருந்த தாரை இறக்கி வைத்துவிட்டு, “அண்ணே, தம்பிக்கு மாசியில கல்யாணமாம். ஒங்களுக்குத் தாக்கல் வந்துச்சா?” என்று கேட்டார். சேதி வந்தது என்று தலையை ஆட்டினேன். வரவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல், பெண்ணின் தகப்பன் அங்கே மேஸ்திரி என்றும், போடிப் பக்கத்துக் குடும்பம் என்றும், பெண் தமிழும் மலையாளமும் ஒன்று போலப் பேசுவாள் என்றும் தானாகவே சொன்னார். உன் ஆத்தா கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் சொன்ன சேதிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. “தம்பி இப்பக் கால்பந்து ஆடுறதில்லண்ணே. கணுக்கால் முறிஞ்ச பெறகு தொரை அவரு கையில மைக்கக் குடுத்துட்டாக. எஸ்டேட்டு ரெண்டு பிரிவு, மேக்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் ஆட்டம் நடந்தா, தம்பிதான் நின்னு எல்லாத்தையும் சொல்றாரு. ஆனா போன தடவ பெரிய ரகளையாகிப் போச்சு. இவரு கீழ்க்கணக்குக்கு ஆடுனவருதான, அந்தப் பக்கந்தான் பேசுவாருன்னு மண்ண அள்ளி எறிஞ்சுட்டாக. இனிமே மைக்கத் தொடமாட்டேன்னு ஒக்காந்துட்டாரு.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று மலையேறிப் போனவனை அப்பனுடைய பிழைப்பே தேடி வந்து பிடித்துவிட்டதே என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. உன் மேல் விழுந்த அந்த மண்ணின் ருசி எனக்குத் தெரியும். நானும் அதைத் தின்றவன். தின்றதோடு நிற்காமல், அதற்குப் பயந்து நான் செய்த காரியம் ஒன்று உண்டு. நீயும் அதையே செய்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் ஆடிய காலத்தை நீ அதிகம் பார்த்ததில்லை. கம்பத்துக் கோஷ்டியில் பன்னிரண்டு வருடம் ஆடினேன். சின்னமனூரில் ஒரு பிடியில் முழங்கால் திருகிக்கொண்டது. கட்டுப் போட்டு எழுந்து நடந்தேனே தவிர, மறுபடி கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போக முடியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பார்த்தார்கள். இவனுக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது, பின்னால் நிற்கிற சனத்துக்கு ஆட்டம் தெரிவதில்லை, இவன் நின்று சொல்லட்டும் என்று தகரத்தில் ஒரு நீளக் குழாய் அடித்து என் கையில் கொடுத்தார்கள். அதை வாயில் வைத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். யார் பாடிப் போகிறான், யாரைத் தொட்டான், எப்படிப் பிடித்தார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, மரத்து மேல் இருப்பவன்கூடக் கை தட்டுவான்.

அந்தக் குழாய் கிடைத்த அன்று நான் அழுதேன். சந்தோஷத்தால் என்று ஊர் நினைத்தது. உண்மை அது இல்லை. கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, இன்னொருவன் மூச்சடக்கிப் போவதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அவன் இடது பக்கம் திரும்ப வேண்டிய நேரத்தில் என் இடுப்பு திரும்பும். அவன் மூச்சு முட்டும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தேன். ஆடினால் என் கோஷ்டிக்குத்தானே ஆடுவேன்? அப்படித்தான் என் நாக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. எதிராளியின் மேல் எனக்கு ஒரு வன்மமும் கிடையாது. விட்டுப் போன இடத்தின் மேல் இருந்த ஏக்கம்தான் அப்படிப் பேச வைத்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் உன் ஆத்தாதான். ஒரு பொங்கல் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஈயச் சட்டியில் ரசத்தை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டாள். “ஒங்காளு விழுந்தா மண்ணு வழுக்கிருச்சுங்குறீக. அவுகாளு விழுந்தா கால்ல தெம்பு இல்லங்குறீக. ரெண்டு பேரும் விழுந்தது ஒரே மண்ணுதானங்க?” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொம்பளைக்குச் சடுகுடுவைப் பற்றி என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். “மண்ணப் பத்தித் தெரியும்” என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். அன்றைக்கே நான் கேட்டிருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது. நான் கேட்கவில்லை. வெளியூர்க் கோஷ்டிகள் முணுமுணுக்க ஆரம்பித்தன. பழைய ஆட்டக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினால் இப்படித்தான் என்றார்கள். ஒரு வருடம் உத்தமபாளையத்துச் சனம் என் மேல் மண்ணை எறிந்தது. குழாய்க்குள் விழுந்த மண் வாய்க்குள் வந்துவிட்டது. அதைத் துப்பிவிட்டு மேலே பேசினேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது.

அதற்குள் நீ வளர்ந்து கோஷ்டிக்கு வந்துவிட்டாய். உனக்குப் பதினேழு வயதில், பெரியாற்றுத் தண்ணீர் கரை தட்டி ஓடும் வாய்க்காலில் உன்னை முங்கச் சொல்லி நான் எண்ணிக்கொண்டிருப்பேன். நீ எழுந்திருக்க நேரமானால் பயந்துவிடுவேன். எண்ணிக்கையை விட்டுவிட்டு உன் தலைமுடியைப் பிடித்து இழுப்பேன். “ஏன்யா இழுத்தீக? இன்னும் மூச்சு இருந்துச்சு” என்று நீ சண்டைக்கு வருவாய். உன் மூச்சு எவ்வளவு நீளம் என்று இந்த உலகத்தில் உன்னை விட நன்றாகத் தெரிந்தவன் நான்தான். அதை நினைத்துக்கொண்டு மேலே படி.

உலக யுத்தம் தொடங்கிய பின் வந்த முதல் பொங்கல். அறுத்த வயலில் தாளை மிதித்துச் சமன் செய்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். கடைசி ஆட்டம் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும். காலையில் நான் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே ஒருவன் என் காதில் விழும்படி, “இன்னைக்கு மவனே ஆடுறான். இனிக் கேக்கணுமா? எதிர்க் கோஷ்டி வந்த வழியே வீட்டுக்குப் போகலாம்” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு நாள் முழுக்க என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

நம் பக்கம் நீ ஒருவன் மட்டும் மிஞ்சியிருந்தாய். அந்தப் பக்கம் மூன்று பேர். நீ பாடிக்கொண்டு போனாய். அவ்வளவு சனமும் ஒரே அடியாக அமைதியாகி, உன் சடுகுடு மட்டும் கேட்டது. காதர் உன் வலது காலைப் பிடித்தார். மற்ற இருவரும் உன் முதுகில் விழுந்தார்கள். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நீ ஊர்ந்து வந்தாய். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. நடுவராக இருந்த டிரில் வாத்தியார் அந்தப் பக்கம் நின்றார். அவருக்கு மூன்று முதுகுகள்தான் தெரிந்திருக்கும். நான் இந்தப் பக்கம் கோட்டை ஒட்டி நின்றேன். உன் வலது கை நீண்டது. இரண்டு விரல் சுண்ணாம்பில் பதிந்தது. அப்போதும் உன் வாயில் பாட்டு இருந்தது. ஈனக்குரலாக இருந்தாலும் இருந்தது. உன் மூச்சை எண்ணி வளர்த்த எனக்கு அது தெரியாதா?

வாத்தியார் ஊதலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். “எனக்கு மறைச்சிருச்சு. நீங்கதான் கிட்டத்துல நின்னீக. கோட்டத் தொட்டானா?” என்று கேட்டார். மூவாயிரம் கண்கள் என் மேல் திரும்பினது போல இருந்தது. மவனே ஆடுறான், இனிக் கேக்கணுமா என்று சொன்னவன் எனக்கு நேர் எதிரே நின்றான். நான் குழாயை வாயில் வைத்தேன். “தொடவில்லை” என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாய். உத்தமபாளையத்துச் சனம் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கியது. பெற்ற பிள்ளை என்றும் பாராமல் நியாயம் சொன்ன மனிதன் என்றார்கள். என் கழுத்தில் மாலை விழுந்தது. என் வாழ்நாளில் ஆடிச் சம்பாதிக்காத பேரை அந்த ஒரு பொய்யில் சம்பாதித்தேன். அதற்குப் பின் தேனியிலிருந்தும் போடியிலிருந்தும்கூட ஆள் விட்டு என்னை அழைத்தார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடின பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். தகரக் குழாய் போய் மைக் வந்தது. அப்பழுக்கில்லாத மனிதர் என்று மைக்கில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் நான் தலை குனிந்து நிற்பேன். அடக்கம் என்று நினைத்துக் கை தட்டுவார்கள்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தாய். என் முன்னால் வலது கையை நீட்டினாய். இரண்டு விரல் நுனியில் வெள்ளையாக அப்பியிருந்தது. “இது என்னய்யா?” என்று கேட்டாய். களம் பூராவும் சுண்ணாம்புதான், எங்கே வேண்டுமானாலும் ஒட்டியிருக்கும் என்றேன். “நீங்க பாத்தீகளா, பாக்கலயா? அத மட்டுஞ் சொல்லுங்க” என்றாய். பார்க்கவில்லை என்றேன். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன், மகனே. அதற்காவது ஒரு மன்னிப்பு இருக்கலாம். இரண்டாவதை வீட்டுக்குள், நீயும் நானும் மட்டும் இருக்கும்போது, கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். தோற்றதற்காக நீ போகவில்லை. இந்த இரண்டாவதற்காகத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். மறு வாரம் குமுளிக்குப் போகும் ஆட்களோடு சேர்ந்து மலையேறிவிட்டாய்.

அன்றிலிருந்து தினமும் வரப்பில் நின்று மேற்கே பார்க்கிறேன். மழைக் காலத்தில் மலை மறைந்துவிடும். அப்போது இன்னும் தவிப்பாக இருக்கும். உன் ஆத்தா ஆறு வருடமாக அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்பளைகள் பக்கம் தூரத்தில் நின்றவள், அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். காதர் வந்து போன அன்று, கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். “கல்யாணத்துக்குக்கூடச் சொல்லலயே, எம்புள்ள” என்றாள். அப்புறம் சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டே, “ஒங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கொழாய வாயில வைக்கும்போதே தெரியும், பொய் சொல்லப் போறீகன்னு” என்றாள். ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன். “கேட்டா என்னட்டயும் பொய் சொல்லுவீக. அதையும் எங்கன வச்சுத் தாங்குறது?” என்றாள்.

இந்தப் பொங்கலுக்கும் என்னைத்தான் மைக்கில் பேச அழைத்தார்கள். கடைசி ஆட்டம் தொடங்குவதற்கு முன், ஆட்டக்காரர்கள் களத்துக்கு வந்து நின்ற பிறகு, நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன் இதே வயலில் என் மகன் மூச்சு விடாமல் கோட்டைத் தொட்டான், நான் அதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டுத் தொடவில்லை என்று சொன்னேன், அன்றைக்கு ஜெயித்தது கம்பம் என்றேன். சனம் எழுந்து என்னைக் கல்லால் அடிக்கும் என்று நினைத்தேன். அதற்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? பாதிப் பேருக்கு அந்த ஆட்டமே நினைவில் இல்லை. ஓர் இளவட்டம், “பெருசு, பழங்கதைய விட்டுட்டு ஆட்டத்தச் சொல்லுங்க!” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நினைவிருந்தவர்களில் ஒருவர் என் காது கேட்கவே, “மவனுக்குக் கல்யாணமாம். ஒறவு கொண்டாட இப்ப மவன் பக்கம் பேசுறாரு. பழைய ஆட்டக்காரனுக புத்தி எங்க போகும்?” என்றார். பொய் சொன்ன அன்று நியாயவான் என்றார்கள்; உண்மையைச் சொன்ன அன்று பட்சபாதம் என்றார்கள். இதைக் கேட்டதும் எனக்கு விசனம் வரவில்லை. இவ்வளவுதானா, இதற்குப் பயந்தா என் பிள்ளையை இழந்தேன் என்றுதான் தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் காதர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கும் தெரியும்ணே. கால நாந்தான பிடிச்சிருந்தேன்? பாட்டு எங்காதுலயே கேட்டுச்சு. ஜெயிச்ச சந்தோசத்துல வாய மூடிக்கிட்டேன்” என்றார். “மேல லாரி கொண்டு போனப்ப ஒரு நா தம்பிட்ட சொல்லிட்டேன். நீங்க தொட்டீக, எனக்குத் தெரியும்னு. அவரு சிரிச்சுக்கிட்டே, நீங்க சொல்லி என்ன செய்ய, சொல்ல வேண்டியவுக சொல்லலயேன்னாரு” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாய் என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ அழுது சொல்லியிருந்தால் பரவாயில்லை.

ஆகவே நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ தொட்டாய். மூச்சும் விடவில்லை. நான் பார்த்தேன்.

இனி உன் மைக் விஷயம். அதைத் தூக்கி எறியாதே. நீ கீழ்க்கணக்குக்கு ஆடினவன் என்பதை மறைக்கவும் வேண்டாம். ஆட்டத்துக்கு முன் நீயே அதைச் சொல்லிவிடு. உன் பழைய கோஷ்டி பந்தோடு ஓடும்போது உன் மனது கூடவே ஓடும். ஓடட்டும், அதை யாரும் நிறுத்த முடியாது. நாக்கை மட்டும் பார்த்துக்கொள். இரண்டு பேர் விழுந்தாலும் ஒரே மண்ணில் விழுந்ததாகச் சொல். ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று இருக்கிறது. பட்சபாதம் என்ற பேர் வந்துவிடுமோ என்று அஞ்சி, உன் ஆட்களுக்கு உரியதை அவர்களிடமிருந்து பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுத்துவிடாதே. அப்படிக் கொடுத்தால் ஊர் உன்னை மெச்சும். உன்னை நம்பி ஆடினவன் எழுந்து போய்விடுவான். மண் விழுந்தால் துப்பிவிட்டுப் பேசு. ஆட்டத்தை உள்ளே நின்று அறிந்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

நாளை மறுநாள் காதரின் லாரியில் இந்தக் கடிதம் வரும். கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை அதே லாரியில் நாங்கள் இருவரும் கிளம்புகிறோம். கூப்பிடாத கல்யாணத்துக்கு வருகிற வெட்கம் எனக்கு இல்லை. உன் ஆத்தாவுக்கு நிறைய இருந்தது, அவளும் விட்டுவிட்டாள். பெண்ணுக்கு என்ன நிறம் எடுப்பாக இருக்கும் என்று காதரிடம் விசாரித்து, கிடைக்கிற துணியில் நல்லதாக ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள். உன் ஆத்தாவை நீ கட்டாயம் மேலே கூட்டிக்கொள்ள வேண்டும். என் குற்றத்தில் அவளுக்குப் பங்கில்லை.

நான் குமுளியில் இறங்கிக்கொள்கிறேன். அங்கே கமிஷன் மண்டி வாசலில் ஏலக்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார இடம் உண்டு. கல்யாணம் முடிந்து உன் ஆத்தா திரும்பி வரும்வரை அங்கேயே இருப்பேன். நீ யாரையாவது அனுப்பி, வரச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நடந்தே ஏறி வந்துவிடுவேன். அந்த வார்த்தை வராவிட்டால் அதையும் நியாயம் என்றே எடுத்துக்கொள்வேன். இந்த முறை தீர்ப்பு உன்னுடையது.

உன் அய்யா